புகை மணக்காத விதை

என் கணவரின் அக்காவும் நானும் முதன்முதல் முகம் பார்த்தது என் கலியாணத்தன்று, எங்கள் வீட்டு முற்றத்தில். அன்றைக்கே அவவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவவைப் பிடிக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிப் போகும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. அவர் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் ஊரில் பிறந்தவர். நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்வெளியும் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் பிறந்தவள். எங்களுக்கு வயல் இல்லை. காட்டோரம் பற்றையை வெட்டி, எரித்து, அந்தச் சேனை நிலத்தில் இறுங்கும் குரக்கனும் போட்டுச் சாப்பிட்ட ஆட்கள். இறுங்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளுக்கு மேலே வளரும் தட்டை, உச்சியில் ஒரு கொத்து, கொத்து நிறைய மிளகளவு வெள்ளை மணி. இந்தியாவில் இதைத்தான் சோளம் என்கிறார்களாம். எங்களுக்குச் சோளன் வேறு, அது பொத்தியில் வரும் மஞ்சள் மணி.

கலியாணப் பந்தலில் சோற்றோடு இறுங்குப் பிட்டும் வைத்தோம். எங்களுக்கு அது மரியாதை. அவரின் அக்கா, என் மச்சாள், விரலால் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தா. பிறகு பந்திக்கே கேட்கிற மாதிரிச் சொன்னா:

"கோழிக்கு எறியிறதைக் கொண்டாந்து சபையில வைக்கிறாங்க. என்ட தம்பி போயும் போயும் காட்டுக்க விழுந்திற்றான்."

எழுவான்கரை ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களிலும் இரண்டொருவர் சிரித்தார்கள். அன்று தொடக்கம் நான் அவவுக்கு இறுங்குத்தின்னி. வருஷத்தில் நாலைந்து முறை காண்போம். காணும்போதெல்லாம் முதற்பேச்சு அதுதான்.

"என்னகா இறுங்குத்தின்னி, பல்லெல்லாம் இருக்கா, தேஞ்சிற்றா?"

நான் வாய் திறக்க மாட்டேன். சின்னதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பக்கம் பார்த்தாலே முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு மறித்துச் சேனையில் கிளி கலைக்க விட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். கிளிகள் கேள்வி கேட்காது. ஆனால் வாய் திறக்காதவளுக்கு மனதும் மூடிக் கிடக்கும் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். இருபது வருஷமாக மச்சாளுக்கு நான் சொல்லாமல் சொன்ன மறுமொழிகளை அடுக்கினால் ஒரு வண்டி தேறும்.

எனக்கென்று ஊரில் இருந்த ஒரே பேர், விதைப் பேர். கதிர் முற்றும்போது சேனைக்குள் நடந்து, நடுப்பாகத்தில் முதலில் பழுத்த கதிர்களாகப் பார்த்து முறித்து, கட்டிக் கொண்டு வந்து குசினியில் அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிடுவேன். மாதக்கணக்காகப் புகை பட்டுப் பட்டு அது கறுத்துப் போகும். பூச்சி அண்டாது. அதுதான் விதை. ஓரத்தில் விளைந்தது, பிந்திப் பழுத்தது, கிளி கொத்தி மிஞ்சினது எல்லாம் ஒன்றாக அடித்துச் சாக்கில் கட்டி வைப்பது. அது சாப்பாட்டுக்கு. புரட்டாசி பிறந்தால் சுற்றியிருக்கிற பெண்கள் என் குசினி வாசலுக்கு வருவார்கள். "ரெண்டு கதிர் தாகா." கொடுப்பேன். ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேச்சுக்காரருக்கு விளங்காது.

எங்கள் அம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. விதை வாங்கினவள் தன் முதல் விளைச்சலில் ஒரு சுண்டு மணி எடுத்து வைத்து, வைகாசிப் பொங்கலன்று கோயில் முன்றலில் விதை தந்தவளின் சட்டியிலேயே வறுப்பாள். மணி வெடித்து மல்லிகை மாதிரிப் பூத்தால், மனம் கோணாமல் தந்த விதை. அந்தப் பொரியைத்தான் அம்மனுக்குப் படைக்கிறது. பூக்காமல் கருகினால், தந்தவள் மனதில் கள்ளம். நான் அறிய ஒருவரது பொரியும் கருகியதில்லை. அதனால் எல்லோரும் அதை உண்மை என்றே நம்பினோம். நானும் நம்பினேன். எல்லோரும் ஒரே காட்டு ஓரத்தில், ஒரே மண்ணில், ஒரே மழையில் விதைத்தவர்கள். பிறகு எப்படிக் கருகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் இறுங்கு விதை கொண்டுபோன ஆளே அதுவரை இல்லை.

கடல் வந்த மார்கழியில் எங்கள் கதிர் பால் பிடித்து நின்றது. எங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை. வாவி ஒரு முறை தூக்கிப் போட்டு வடிந்தது, அவ்வளவுதான். மத்தியானத்துக்குப் பிறகுதான் ஆட்கள் ஓடி வந்து சொன்னார்கள். மச்சாளின் வீடு அத்திவாரத்தோடு போனது. மச்சாளின் புருஷனைக் கடல் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லாதவ, தனித்துப் போனா.

அகதியாகப் பள்ளிக்கூடமொன்றில் இருந்தவவைப் பார்க்க நாங்கள் போனோம். இவர் தன் அக்காவைக் கண்டதும் அழுதார். மச்சாள் அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தா.

"பாத்தாச்சா? பாத்திற்றுப் போ."

நான் கொண்டுபோன சோற்றுப் பெட்டியை வாங்கி, பிரிக்காமல் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கொடுத்தா. பாவம் என்று நினைக்கத்தான் வேண்டும். நினைத்தேன். ஆனால் அந்தப் பெட்டி கை மாறினதையும் மறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து மச்சாள் தனியே வாவி கடந்து வந்தா. வீடு இருந்த பழைய வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவ என் குசினி வாசலில் நின்று, உள்ளே வராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"என்ட வளவில ஒண்டும் வருதில்ல. கிணறு கைக்குது. கத்தரி நட்டன், கருகிற்று. மிளகாய் நட்டன், கருகிற்று. விவசாயக் கந்தோர்ல இருந்து வந்தவன் சொல்றான், இறுங்கு உப்பைத் தாங்கி நிக்குமாம்."

நான் அடுப்படியில் இருந்து எழும்பி அவவைப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிறாய்? இறுங்குத்தின்னியிட்ட வந்து நிக்கிறன். விதை தா."

கேட்கும்போதும் அந்தப் பேர்தான். பணிந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று பிறகு பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். தெரியாது. அன்றைக்கு நான் அண்ணாந்து அடுப்புக்கு மேலே பார்த்தேன். அந்த வருஷத்து விதைக்கதிர்கள் கறுத்து, தடித்து, அருமையாகத் தொங்கின. கை மேலே போகவில்லை. மூலையில் இருந்த சாப்பாட்டுச் சாக்கை அவிழ்த்து இரண்டு சுண்டு அள்ளி, கடதாசிப் பையில் போட்டு நீட்டினேன்.

மச்சாள் பைக்குள் மூக்கை வைத்தா. கடற்கரை ஆள், மீனை மணந்து வாங்குகிற மூக்கு.

"புகை மணக்கல்லையேகா."

"இந்த முறை காய்ஞ்ச விறகுதான் எரிச்சது மச்சாள், புகை குறைவு" என்றேன்.

அவவோடு நான் பேசின முதலாவது நீளமான பேச்சு அதுதான். அதுவும் பொய்.

அவ அடுப்புக்கு மேலே ஒரு தரம் பார்த்தா. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனா. ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கவில்லை.

அடுத்த வைகாசியில் பொங்கலுக்கு வந்தா. விளைச்சலில் ஒரு சுண்டு எடுத்துக்கொண்டு, வழக்கப்படி நேராக என் அடுப்புக்கு முன்னால் வந்து குந்தினா. மணியைச் சுளகில் கொட்டினா; குனிந்து பார்த்தேன். எங்கள் இறுங்குதான், ஆனால் எங்கள் இறுங்கு இல்லை. சிறுத்து, ஒளி இல்லாமல், மூக்குப் பக்கம் கரும்புள்ளியோடு, கையில் அள்ளினால் பாரமே இல்லாமல் இருந்தது. சட்டியில் போட்டோம். ஒரு மணி, இரண்டு மணி சோம்பலாக வாய் பிளந்தது. மற்றதெல்லாம் சிவந்து, கறுத்து, மா தீய்கிற மணம் கிளம்பியது. என் பக்கத்து அடுப்புகளில் படபடவென்று பூத்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள்.

மச்சாள் எழுந்து நின்றா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டா.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கொள்ளுங்ககா. புருஷனைக் கடலுக்குக் குடுத்திற்று வந்து நிண்டவளுக்கு இவ தந்த விதை இது. நான் மணந்து பாத்தன், புகை இல்ல. வாய் விட்டுக் கேட்டன். விறகு காய்ஞ்சிற்றாம்! மேல தொங்கினது என்ட கண்ணுக்குத் தெரியல்ல எண்டு நினைச்சாளாக்கும்."

நான் அகப்பையைப் பிடித்தபடி இருந்தேன். அவ சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஒரு கிழவி, "சொல்லன் புள்ள, அப்பிடி இல்லையெண்டு சொல்லன்" என்றா. நான் சட்டியை அடுப்பில் இருந்து இறக்கினேன். நான் பேசாமல் இருந்ததே எல்லோருக்கும் மறுமொழியாகப் போனது.

அந்தப் புரட்டாசியில் என் குசினி வாசலுக்கு ஒருத்தியும் வரவில்லை. ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொண்டார்கள். கதிர்கள் அடுப்புக்கு மேலேயே தொங்கின. கண்ட இடத்தில் சிரித்தார்கள், கதைத்தார்கள், விதையை மட்டும் கேட்கவில்லை. இவரும் ஒரு நாள் சோறு தின்றபடி, "அக்காவுக்கு மேல இருந்ததைக் குடுத்திருந்தா என்ன?" என்றார். நான் ரசத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

எனக்கு மச்சாளின் மேல் கொதி. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது உண்மையாக இருக்குமோ? சாக்கில் இருந்ததும் என் சேனையில், அதே மழையில் விளைந்ததுதான். அதைத்தான் நாங்கள் தினமும் தின்றோம். பொரித்தால் பூத்தது. அதே மணி அவவின் கையில் போய்ப் பதராகிறதென்றால், என் மனக்கோணல்தான் மணிக்குள் இறங்கியதோ? சுளகோடு குந்தினால் இதே நினைப்பு. புடைக்கிற ஒவ்வொரு மணியையும் என்னைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

அடுத்த மாசியில் கதிர் வெட்டி, விதைக்கதிரைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நாள்தான் இருக்கும். சண்டை திரும்ப மூண்டு, படுவான்கரை முழுக்க ஷெல் விழத் தொடங்கியது. எழும்பு என்றால் எழும்பினோம். இவர் உடுப்புப் பையும் அடையாள அட்டைகளும் எடுத்தார். நான் குசினிக்குள் ஓடி விதைக்கட்டை அறுத்துச் சேலையில் சுற்றினேன். "பானை சட்டியை விட்டிற்று இதையா தூக்கிறாய்?" என்று கத்தினார். வழி நெடுகச் சனம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் என் கட்டைக் கீழே வைக்கச் சொல்லி, கம்பியால் குத்திப் பார்த்தான். மணி சிந்தியது. "இது என்ன?" என்றான் உடைந்த தமிழில். "சாப்பாடு" என்றேன். விதை என்று சொல்லப் பயம். ஏன் பயம் என்று கேட்டால் அதுவும் தெரியாது. அவன் ஒரு மணியைக் கடித்தான், கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்துத் துப்பினான், போ என்று கையைக் காட்டினான். சிந்தினதைப் பொறுக்கக் குனிந்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அகதி முகாமில் ஒரு கூடாரத்தில் இரண்டு கிழமை, பதினாலு நாள். பிறகு இவர் என்னைத் தன் அக்காவின் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மச்சாள் படலையைத் திறந்தா. "வா. என்ட தம்பிக்காகத்தான். உனக்காக இல்ல."

அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தோம். எங்கள் ஊருக்குத் திரும்ப விட்ட பிறகும் காட்டோரச் சேனைக்கு விடவில்லை. கண்ணிவெடி என்று நாடா கட்டி வைத்திருந்தார்கள். சேனை இல்லாமல் அங்கே போய் என்ன தின்பது? அந்த வருஷம் முழுக்க நான் சமைத்ததை மச்சாள் ஒரு நாளும் தொடவில்லை. தனக்கு வேறாக ஒரு சின்னப் பானையில் வைத்துக்கொள்வா. நானோ அவவின் அரிசியைத்தான் தின்றேன். விழுங்க விழுங்க இறங்காது. கிணற்றடியில் நான் வாளியை வைத்த இடத்தில் அவ கழுவிவிட்டுத்தான் தன் வாளியை வைப்பா.

புரட்டாசி வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. கிணற்றுக்குப் பின்னால் கிடந்த துண்டைக் கேட்டேன்.

"போடன், போடு. உன்ட நல்ல விதை என்ன செய்யுது பாப்பம்" என்றா.

இந்த முறை சாக்கு இல்லை. அடுப்புக்கு மேலே தொங்கின கதிர், நானே முறித்தது, எனக்கென்றே, என் கையாலேயே விதைத்தேன். யார்மேலும் பொறாமைப்பட அதில் இடமில்லை. முளை நன்றாக வந்தது. மாரி மழைக்குத் தட்டை மளமளவென்று ஏறியது. கந்தோர்க்காரன் சொன்னது சரிதான், உப்பைத் தாங்கி நின்றது. பூவும் குறைவில்லை. எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

பால் பிடிக்கிற நேரத்தில்தான் எல்லாம் விளங்கத் தொடங்கியது. எட்டு நாள் மழை விட்டது. எங்கள் சேனையில் எட்டு நாள் மழை விட்டால் இறுங்குக்குத் தெரியவே தெரியாது. சாம்பல் கலந்த களிமண், கீழே ஈரத்தை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். இங்கே மணல். மூன்றாம் நாளே இலை சுருண்டது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினால் அடுத்த நாள் மண்ணில் வெள்ளை படிந்தது. மணி பாதிப் பாலோடு நின்றுவிட்டது. பிறகு வாடைக்காற்று கடல் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டியது. எங்கள் பக்கம் கதிர் பழுக்கிற நேரம் காய்ந்த வெயில். இங்கே விடிய விடியக் கதிர் பிழிந்தால் தண்ணீர். மூக்கில் கறுப்பு விழுந்தது. அந்தக் கரும்புள்ளியைக் கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மணியைக் குறுக்கே கடித்துப் பார்த்தேன். எங்கள் மண்ணில் விளைந்ததைக் கடித்தால் பல்லு சொல்லும். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை. அந்தக் கண்ணாடிதான் சூட்டைப் பிடித்து வைத்திருந்து வெடிக்கிறது. இது கடித்தவுடனே உதிர்ந்தது. உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. வாயில் ஒரு கைப்பு. இது எந்தச் சட்டியிலும் பூக்காது. யார் தந்தாலும் பூக்காது. என் தாயே உயிரோடு வந்து தந்தாலும் பூக்காது.

கதிர் வெட்டின அன்று மச்சாள் கையில் உருவிப் பார்த்துச் சிரித்தா. நல்லாச் சிரித்தா. கடல் வந்த பிறகு அவ அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"உன்ட விதை, உன்ட கை. அதே பதர்! இப்ப ஆருக்கு ஏசப் போறாய்?"

எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. என் மனக்கோணல் இல்லை, மண்! மண்ணும் தண்ணியும் காற்றும்! துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? "முந்தி தந்தது சாக்கில இருந்தது, இது புகைவிதை, ரெண்டும் ஒண்டாத்தான் வந்திருக்கு, அப்ப மண்தான் காரணம்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, முதலில் நான் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். என்னை வெளியே எடுக்கிற கயிறு அந்தப் பொய்யின் வழியாகத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பதரைக் கூட்டி அள்ளினேன்.

நாங்கள் ஊர் திரும்புகிற அன்று மச்சாள் தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, அந்தப் பதர் மணியைக் கொட்டி, மூன்று முடிச்சுப் போட்டு என் மடியில் எறிந்தா.

"கொண்டுபோ உன்ட குப்பையை. என்ட கோழியும் தின்னாது."

நான் அதை எறியவில்லை. அவ கட்டின முடிச்சை அவிழ்க்கவும் இல்லை. வீட்டுக் கூரை போயிருந்தது. கதவு நிலையையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுப்புக்கு மேலே கதிர் தொங்கவிடுகிற கம்பு மட்டும் அப்படியே இருந்தது. அதில் தொங்கவிட்டேன்.

சேனைக்கு விட்ட வருஷம், புரட்டாசி மழைக்கு, அந்த முடிச்சை அவிழ்த்து அந்தப் பதரையே விதைத்தேன். இவருக்கு விசர் பிடித்தாற்போல இருந்தது. "பக்கத்துக்காரியிட்ட நல்ல விதை கேளன்!" கேட்க மாட்டேன். பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்ததும் நோஞ்சானாகத்தான் வந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு பிடி பிடித்தது பாருங்கள், யானை புகுந்தால் மறைந்து நிற்கலாம். மாசியில் முதலாவது கதிரை உருவி, ஒரு மணியைக் குறுக்கே கடித்தேன். பல்லில் உறைத்தது. கண்ணாடி. நடுவில் ஒரு பொட்டு வெள்ளை.

சேனைக்குள் தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். ஒரு கிளிக்கூட்டம் எழும்பிப் பறந்தது.

அந்த வைகாசியில்தான் வடக்கே சண்டை முடிந்தது. பொங்கலுக்கு முந்தின நாட்களெல்லாம் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு அங்கே பிள்ளைகள். கோயிலில் கூட்டம் இருந்தது, பேச்சு இல்லை. மச்சாளும் வந்திருந்தா. தூரத்து அடுப்படியில் குந்தியிருந்தா. சந்தியில் ஆமிக்காரர் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கு முன்றலில் இருந்த பெண்கள் அவ்வளவு பேரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மண்ணில் குந்தினோம். பிறகு அது பட்டாசு என்று தெரிந்து, அடுப்பை ஊதத் தொடங்கினோம்.

நான் எழுந்து மச்சாளுக்கு முன்னால் போய் நின்றேன். சிவப்புச் சேலைத்துண்டை விரித்து, உள்ளே இருந்த மணியைக் காட்டினேன்.

"இது நீங்க கட்டித் தந்த துண்டு. நீங்க கட்டித் தந்த பதரைத்தான் விதைச்சன். உங்கட சட்டியில வறுங்க."

வாங்கினவள் விதை தந்தவளின் சட்டியில் வறுப்பதுதானே வழக்கம். இந்த முறை விதை தந்தவள் அவ. சுற்றி இருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். மச்சாள் மணியைச் சட்டியில் போட்டா. அகப்பையால் இரண்டு கிண்டு. பிறகு அது வெடிக்கத் தொடங்கியது. சட்டிக்கு மேலால் துள்ளி அவவின் மடியில், என் காலில், மண்ணில் எல்லாம் விழுந்தது. வெள்ளை வெளேரென்று.

"வேற விதையை மாத்தி வைச்சிருக்கிறாய்" என்றா மச்சாள். "எனக்கு உன்னைத் தெரியும்."

எதிர்பார்த்ததுதான். பொய்க்காரியின் பேச்சை எவள் நம்புவாள்? அப்போதுதான் எனக்கு விளங்கியது, முதற் பொய்யை எடுக்காமல் இரண்டாவது உண்மை நிற்காது என்று. என் வாழ்க்கையில் கூட்டத்துக்கு நடுவில் நான் குரல் எடுத்துப் பேசினது அந்த ஒரு தரம்தான்.

"ஓம் மச்சாள். கடல் வந்த மறு வருஷம் நான் உங்களுக்குத் தந்தது சாப்பாட்டுச் சாக்கில இருந்து. மேல தொங்கினதைத் தர எனக்கு மனம் வரல்ல. விறகு காய்ஞ்சதெண்டது பொய். அது கள்ளம்தான். ஆனா மறுகா உங்கட வளவில நான் போட்டது புகைவிதை. என்ட தலையில அடிச்சுச் சத்தியம். அதுவும் பதராத்தான் வந்திச்சி. உங்கட பதர் இஞ்ச வந்து பூத்திற்று. விதையில பிழை இல்ல. உங்கட மண்ணுக்குத் தண்ணி நிக்காது, காத்தில உப்பு. மண்தான் மச்சாள்."

முன்பு என்னைச் சொல்லச் சொன்ன கிழவி மெல்ல, "பொய்க்காரி தன்ட பொய்யைத் தானே எடுத்து வைப்பாளாகா?" என்றா, யாரையும் பார்க்காமல்.

மச்சாள் மடியில் விழுந்த பொரி ஒன்றை எடுத்து விரலால் நசித்துப் பார்த்தா. தின்னவில்லை.

"அப்ப மேல தொங்கினதைத் தந்திருந்தாலும் பதர்தான்."

"ஓம்."

"அது பதராப் போறது அண்டைக்கு உனக்குத் தெரியுமா?"

"தெரியா."

"தெரியாமத்தானே தராம விட்டாய்." அவ எழுந்து சேலையை உதறினா. பொரி நாலா பக்கமும் சிதறியது. "மண்ணைப் பத்தி நீ சொன்னது சரி. உன்னைப் பத்தி நான் சொன்னதும் சரி. கொண்டா."

"என்னத்தை?"

"எனக்குத் தர வேண்டிய விதையை."

"உங்கட மண்ணில அது வராது மச்சாள்."

"என்ட மண் எனக்குத் தெரியும். நீ எனக்குப் படிப்பிக்க வேணா. அது பதராப் போகட்டும், புழுத்துப் போகட்டும். மேல இருந்து எடுத்துத் தா."

கோயிலில் இருந்து என் வீடு அதிக தூரமில்லை. அவ எனக்குப் பின்னாலேயே வந்தா. குசினி வாசலில், முன்பு நின்ற இடத்திலேயே நின்றா. பிடிக்க நிலைதான் இல்லை. நான் அண்ணாந்து, கை நீட்டி, கம்பில் இருந்து தடித்த கதிராகப் பார்த்து இரண்டு முறித்தேன். அப்போதும் கை கொஞ்சம் தயங்கியது. உள்ளதைச் சொல்கிறேன். அவ்வளவு நல்ல கதிர், போய் மணலில் பாழாகப் போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. கொடுத்தேன்.

அடுத்த புரட்டாசிக்குள் ஊர்ப் பெண்கள் திரும்பி வந்தார்கள். "ரெண்டு கதிர் தாகா." முந்தின வருஷங்களைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் எவளெவள் வராமல் இருந்தாள் என்று எனக்கு ஒழுங்காக ஞாபகம் இருக்கிறது.

மச்சாளின் கிணற்றடியில் அந்தத் தையிலும் பதர்தான் விளைந்ததாம். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கோழி நல்லாத் தின்னுதெண்டு இறுங்குத்தின்னியிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டிருந்தா.

அதற்குப் பிறகும் அவ நடமாடின காலமெல்லாம் ஒவ்வொரு புரட்டாசியும் வாவி கடந்து வந்தா. வாசலில் நின்றே கேட்பா. உள்ளே வந்து ஒரு நாளும் கை நனைக்கவில்லை. நானும் உள்ளே வாங்க என்று மனதறிந்து கூப்பிடவில்லை. மேலே இருந்து இரண்டு கதிர் முறித்துக் கொடுப்பேன்; ஒரு வருஷமும் சாக்குப் பக்கம் திரும்பவில்லை. அவவும் ஒரு வருஷமும் மணந்து பார்க்காமல் வாங்கவில்லை.